வடம் எங்கே காக்கும்?

1998-இல் சுவீடனில், யேவ்லே நகருக்கு வடக்கே செல்லும் இ-4 நெடுஞ்சாலையில் ஒரு சோதனை தொடங்கியது. 13 மீட்டர் அகலச் சாலை அது. திசைக்கு ஒரு தடம், இரு பக்கமும் தாராளமான ஓரம். இந்த வகைச் சாலைகளில் நேருக்கு நேர் மோதல்கள் அந்த நாட்டைப் பல காலமாக வாட்டிக்கொண்டிருந்தன. நான்குவழிச் சாலையாக விரிக்கப் பணமும் வேண்டும், நிலமும் வேண்டும். அதற்குப் பதிலாக இருந்த தளத்திலேயே கோடுகளை அழித்து மூன்று தடங்களாக வரைந்து, எதிரெதிர்த் திசைகளுக்கு நடுவே எஃகுக் கம்பிவடங்களை இழுத்துக் கட்டினார்கள். ஒரு திசைக்கு இரண்டு தடம், மற்றதற்கு ஒன்று. ஓரிரு கிலோமீட்டருக்கு ஒருமுறை இது மாறும். முந்த நினைப்பவர் தன் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

சாலையில் ஒருவரும் சாகக்கூடாது என்பதை நாட்டின் கொள்கையாக சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றது 1997 அக்டோபரில். அந்தக் கொள்கை தரையில் கண்ட முதல் வடிவங்களில் ஒன்று இந்தக் கம்பிவடம். தொடக்கத்தில் எதிர்ப்பு பலமாகவே இருந்தது. ஒற்றைத் தடத்தில் வண்டி நின்றுபோனால் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று கேட்டார்கள். பனி தள்ளும் வண்டிக்கு இடம் ஏது என்றார்கள். ஆனால் சுவீடன் சாலை, போக்குவரத்து ஆய்வு நிறுவனம் பத்தாண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, இந்தச் சாலைகளில் இறப்பு நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருந்தது. இன்று அங்கே 2000 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகள் இந்த முறையில் ஓடுகின்றன.

மலிவு, எளிது, உயிர் காப்பது என்ற மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்தால் எல்லா நாடுகளும் அதை விரும்பும். அமெரிக்க மாநிலங்கள், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிறகு நம் மும்பை–புனே விரைவுச்சாலை என்று கம்பிவடம் பரவியது. கூடவே ஒரு குற்றச்சாட்டும் பரவியது: இது மோட்டார் சைக்கிள்காரனை அறுத்துப்போடும் கம்பி என்று. நார்வே புதிதாக இதைப் பொருத்துவதையே நிறுத்திவிட்டது. இந்தப் புகழ், இந்தப் பழி இரண்டையும் சோதித்த பிறகே இந்தியச் சாலைக்கு இது ஏற்றதா என்று சொல்ல முடியும்.

முதலில் இது வேலை செய்யும் விதம். மூன்று அல்லது நான்கு வடங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் தடிமன். அவற்றைத் தாங்க மெல்லிய எஃகுக் கம்பங்கள். இந்தக் கம்பங்கள் வலுவாக இருக்கக்கூடாது என்பதுதான் வடிவமைப்பின் உயிர். வண்டி மோதியதும் கம்பம் மடங்க வேண்டும், வடம் அதிலிருந்து விடுபட வேண்டும், விடுபட்ட வடம் வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திசை திருப்ப வேண்டும். மெலிந்த கம்பம், வலுத்த வடம் என்ற இந்தக் கொள்கையை 1960-களில் நியூயார்க் மாநிலப் பொறியாளர்கள் ஆய்ந்து வகுத்தார்கள். வடத்தை இறுக்கமாக இழுத்துப் பூட்டும் முறை பிறகு வந்தது. பிரிட்டனில் உருவான பிரிஃபென் அதில் பெயர் பெற்றது. பழைய தளர்வடத்தில் ஒரு மோதலுக்குப் பிறகு வடங்கள் தரையில் விழுந்து கிடக்கும். அடுத்து வரும் வண்டிக்கு அங்கே காப்பே இல்லை. இறுகுவடத்தில் நாலைந்து கம்பம் போனாலும் வடம் பெரும்பாலும் உயரத்திலேயே நிற்கும்.

மென்மைக்குக் காரணம் தூரம். 100 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 25 பாகைக் கோணத்தில் தடுப்பை மோதினால், தடுப்பை நோக்கிய அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 11.7 மீட்டர். கம்பிவடம் இரண்டரை மீட்டர் வளைந்துகொடுத்து அதை நிறுத்தினால், உள்ளே இருப்பவர் உணரும் சராசரி விசை புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்குக்கும் குறைவு. அதையே கான்கிரீட் சுவர் செய்தால், காரின் உடல் நசுங்கும் அரை மீட்டர் மட்டுமே கிடைக்கும். விசை பதினான்கு மடங்கு. இது தோராயக் கணக்குத்தான். என்றாலும் அந்த இடைவெளியில் ஒருவர் கழுத்து வலியோடு வீடு திரும்புவதும் திரும்பாமலே போவதும் அடங்கியிருக்கிறது. கார்ப் பயணியின் பக்கம் நின்று கேட்டால், கம்பிவடத்துக்கு இணையான தடுப்பு வேறில்லை.

ஆனால் அந்த இரண்டரை மீட்டரை யார் கொடுப்பது? தடுப்புக்குப் பின்னால் அவ்வளவு வெற்றிடம் வேண்டும் என்பது பாடப்புத்தக விடை. சுவீடன் அதை மீறியது. 13 மீட்டரில் மூன்று தடம் போட்ட பிறகு நடுவில் மிஞ்சுவது ஒன்றரை மீட்டர் அளவே. மோதினால் வடம் எதிர்த்தடத்துக்குள் துருத்தும் என்று தெரிந்தே கட்டினார்கள். நியூசிலாந்தில் வெலிங்டனுக்கு வடக்கே கடலோரமாக ஓடும் சென்டெனியல் நெடுஞ்சாலையிலும் இதே துணிச்சல்தான்: ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் கடல், நடுவே குறுகலான இடைவெளியில் கம்பிவடம். இரண்டு இடத்திலும் அது பலித்தது.

இதை வைத்து விதியே தேவையில்லை என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. ஆனால் அங்கே பலித்ததற்குக் காரணம் கோணம். தடுப்பையொட்டி ஓடும் வண்டி விலகினால், கூர்மையாகத் திரும்ப அதற்கு இடமே இல்லை. உரசுவதுபோல் ஏழெட்டுப் பாகையில் வந்து சேரும். இரண்டு டன் வண்டி 100 கி.மீ. வேகத்தில் 25 பாகையில் மோதினால் தடுப்பு வாங்க வேண்டிய ஆற்றல் 138 கிலோஜூல். அதே வண்டி, அதே வேகம், 8 பாகை என்றால் 15 கிலோஜூல். ஒன்பதில் ஒரு பங்கு! ஆக, குறுகிய நடுப்பகுதி தானே ஒரு காப்பாகிவிடுகிறது. அகன்ற நடுப்பகுதியில்தான் வண்டி ஓடிவந்து, திரும்பி, பெரிய கோணத்தில் விழும். வண்டி எந்தக் கோணத்தில் வரும் என்று கேட்காமல் தடுப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

அந்தப் பாதி வேலையின் விலை அமெரிக்காவில் தெரிந்தது. மிசௌரி மாநிலம் ஐ-70 நெடுஞ்சாலையின் புல்தரை நடுப்பகுதியில் கம்பிவடம் கட்டியது. நடுப்பகுதியைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்த விபத்துகளில் 2002-இல் 24 பேர் இறந்திருந்தார்கள், 2006-இல் இருவர். இதைவிடத் தெளிவான வெற்றி சாலைப் பொறியியலில் அரிது. அதே ஆண்டுகளில் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு வடக்கே மேரிஸ்வில் என்ற ஊரருகே, ஐ-5 நெடுஞ்சாலையில் கம்பிவடத்தைக் கடந்து கார்கள் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 2007-இல் ஆளுநர் உத்தரவின்பேரில் மால்கம் ரே என்ற வல்லுநர் தனியாக ஆராய்ந்தார். மாநிலம் முழுவதும் கம்பிவடம் பெரும்பாலும் தன் கடமையைச் செய்திருக்கிறது, மேரிஸ்வில் பகுதியில் மட்டும் தவறியிருக்கிறது என்று கண்டு, அந்தப் பத்து மைல் நீளத்தில் கான்கிரீட் தடுப்பு போடச் சொன்னார். சொன்னபடி செய்தார்கள்.

மேரிஸ்வில்லில் இருந்தது தளர்வட வகை. அதைவிட முக்கியம், தரை. நடுப்பகுதி தட்டையாக இல்லாமல் இருபுறமிருந்தும் சரிந்து நடுவே வாய்க்காலாகக் கூடியது. ஆறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு நடந்து போனால் கண்ணுக்கே படாது. 100 கி.மீ. வேகக் காருக்கு அது வேறு கதை. விளிம்பைத் தாண்டியதும் சக்கரங்கள் தரையை விட்டுத் தொங்கும். பிறகு வாய்க்கால் அடியைத் தாண்டி எதிர்ச்சரிவில் முட்டும்போது சஸ்பென்ஷன் அமுங்கி முகப்பு தாழும். அந்த நொடியில் வடம் எதிரே இருந்தால், கார் அடிவடத்துக்குக் கீழே நுழைந்துவிடும். அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலைத் துறை 2006-இலேயே, இத்தகைய சரிவில் வாய்க்கால் அடியிலிருந்து 0.3 முதல் 2.4 மீட்டர் தொலைவுக்குள் கம்பிவடத்தை வைக்கவேண்டாம் என்று அறிவுறுத்தியது. இடத்தை இரண்டு மீட்டர் தள்ளிப் போட்டிருந்தாலே சிலர் பிழைத்திருக்கக்கூடும் என்பது எனக்கு ஆறாத விஷயம்.

சோதனைச் சான்றிதழ் இதையெல்லாம் பேசுவதில்லை. சோதனை தட்டைத் தரையில் நடக்கும். முந்தைய அமெரிக்கச் சோதனைகளில் தடுப்பின் நீளம் ஏறக்குறைய நூறு மீட்டர்தான். சாலையில் வடத்தின் முனையைத் தரையோடு பூட்டும் ஒரு நங்கூரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேலும் வடம் ஓடும். நீளம் கூடினால் நெகிழ்வும் கூடும். ஆகையால் சான்றிதழில் உள்ள இரண்டரை மீட்டரை அப்படியே வரைபடத்தில் எழுதுவது தவறு. நங்கூரமும் எளிய பொருளன்று. நான்கு வடம், ஒவ்வொன்றிலும் 25 கிலோநியூட்டன் இழுவிசை என்றால் முனையில் உள்ள கான்கிரீட் கட்டையை ஏறத்தாழ பத்து டன் விசை இரவு பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் மண்ணில் அந்தக் கட்டை விரலளவு நகர்ந்தாலும் வடத்தின் இறுக்கம் இறங்கும். வெயிலே தனியாக ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்: எஃகு சூட்டில் நீளும், இறுக்கம் குறையும். அன்றைய வெப்பநிலைக்கு எவ்வளவு இறுக்கம் என்ற அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வடத்தை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளைத் திருக வேண்டும். மார்கழிக் காலையில் இறுக்கியதைச் சித்திரை நடுப்பகலில் அளந்தால் அளவு மாறியே இருக்கும்.

இனி அந்தப் பழி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து சறுக்கி வருபவரைக் கம்பி அறுக்கும் என்ற அச்சம் கேட்டவுடன் நம்பத் தோன்றுவது. இதை இலேசாகத் தள்ளுபவர்கள்மேல் எனக்கு மதிப்பில்லை. விழுந்தவரின் உடலுக்குச் சாலையில் வேறு காப்பே கிடையாது. ஆனால் விபத்துகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, உடலைச் சிதைப்பது பெரும்பாலும் வடமல்ல, கம்பம் என்பது. அந்தக் கம்பம் டபிள்யூ வடிவில் மடித்த எஃகுத் தகட்டாலான டபிள்யூ பீம் தடுப்பிலும் இருக்கிறது, அங்கே இன்னும் தடித்து நிற்கிறது. கம்பிவடம் போட்ட சுவீடன் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களின் இறப்பும் குறைந்ததே தவிரக் கூடவில்லை; எதிரே வரும் லாரியைவிடக் கம்பிவடம் கொடியதல்ல என்பதுதான் காரணம். நார்வேயின் முடிவு அச்சத்தை மதித்த முடிவு. சான்றின் எடை அதற்குச் சமமாக இல்லை என்றே கருதுகிறேன்.

இருந்தாலும் சுவீடனின் கணக்கைப் பெயர்த்து இங்கே நட முடியாது. அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் போக்குவரத்தில் சிறு பங்கு. தோல் மேலாடையும் கையுறையும் போட்டு வருபவர். இந்தியாவில் 2022-இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு இறந்தோர் 17,884. இங்கே ஸ்கூட்டரில் வருவது ஒரு குடும்பம்: முன்னால் பிள்ளை, பின்னால் சேலை பறக்க அம்மா. அவர்கள் ஓடுவதும் சாலையின் இடது ஓரத்தில். அந்த ஓரத்தில் இரண்டரை, மூன்று மீட்டருக்கு ஒரு கம்பம் என்று நட்டு வைப்பதை எந்தச் சோதனை முடிவும் எனக்கு ஏற்புடையதாக்காது. டபிள்யூ பீமும் இந்த விஷயத்தில் குற்றவாளிதான். ஆனால் அதன் அடியில் இன்னொரு தகட்டைப் பொருத்திக் கம்பத்தை மறைக்கலாம். ஸ்பெயினும் பிரான்சும் அபாய வளைவுகளில் அப்படிச் செய்கின்றன. கம்பிவடத்தில் அது எளிதல்ல.

லாரியைப் பற்றியும் கணக்குப் போட வேண்டும். 2018-இல் அச்சுச்சுமை வரம்பை உயர்த்திய பிறகு, மூன்று அச்சு லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 28.5 டன். அது 60 கி.மீ. வேகத்தில் 15 பாகையில் மோதினால் 265 கிலோஜூல். இரண்டு டன் வண்டியை வைத்துச் சோதித்த தடுப்புக்கு இது ஏறக்குறைய இரட்டைச் சுமை. 8 டன் லாரியை 80 கி.மீ. வேகத்தில் 15 பாகையில் தடுத்துக் காட்டிய கம்பிவட வகைகளும் உண்டு. அங்கே வந்த ஆற்றல் 132 கிலோஜூல், அதாவது இதில் பாதி. இவ்வளவும் சட்டப்படி ஏற்றிய லாரிக்கு. எனவே பாலத்தின் முனை, ஏரிக்கரை, உயர்ந்த கரைமேடு போன்று லாரி தாண்டினால் கீழே உயிர்கள் போகும் இடத்தில் கம்பிவடம் தகுதியற்றது. அங்கே கான்கிரீட்தான்.

நடுப்பகுதிக்கு வருவோம், அதுதான் இதன் சொந்த வீடு. நம் நான்குவழிச் சாலைகளில் பெரும்பாலும் நடுப்பகுதி உயர்த்திய கல்விளிம்போடு மண் நிரப்பி, அரளிச்செடி வைத்தது. சக்கரம் அந்த விளிம்பில் ஏறினால் வண்டி எகிறும். எகிறிய வண்டியின் உயரமும் வடத்தின் உயரமும் பொருந்தாது. கார் மேலே தாவும், அல்லது அடியில் புகும். போதாததற்கு, ஊருக்கு ஊர் திரும்பும் வழி வேண்டும் என்று நடுப்பகுதியை வெட்டி விட்டிருக்கிறோம். ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு நங்கூரம், இரண்டு முனை. முனைதான் எந்தத் தடுப்பிலும் பலவீனமான இடம். நீண்டு ஓடும்போதுதான் கம்பிவடம் மலிவு. துண்டு துண்டாகப் போட்டால் மலிவும் போகும், காப்பும் போகும்.

இருவழிச் சாலையில் சுவீடன் செய்ததைச் செய்யலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆசை எனக்கும் உண்டு, நம் இருவழிச் சாலைகளின் நேர்மோதல் செய்திகளைப் படிக்கும் யாருக்கும் வரும் ஆசைதான். ஆனால் நம் இருவழிச் சாலைகள் பலவற்றில் 7 மீட்டர் ஓடுதளம், இருபுறமும் ஒன்றரை மீட்டர் ஓரம், ஆக மொத்தம் 10 மீட்டர். 13 மீட்டர் வேண்டிய இடத்தில் அது போதாது. அகலம் இருந்தாலும், சுவீடன் அந்த மூன்றாவது தடத்தை எடுத்தது ஓரத்திலிருந்து. நம் ஊரில் ஓரம் என்பது சைக்கிளும் மொபெட்டும் நடப்பவரும் ஆடுமாடும் போகும் வழி. அதை எடுத்துக்கொண்டால் அவர்கள் லாரிக்கும் வடத்துக்கும் நடுவே சிக்குவார்கள். காரில் போகிறவரைக் காக்க, நடந்து போகிறவரை விலையாகக் கொடுக்கும் வடிவமைப்பு அது. இணையாக ஒரு சேவைச்சாலை போட்ட பிறகே அதைப் பேசலாம்.

மிஞ்சுவது விரைவுச்சாலை. 2002-இல் முழுமையாகத் திறந்த மும்பை–புனே விரைவுச்சாலை 94.5 கிலோமீட்டர், இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் அங்கே அனுமதியில்லை. நடுப்பகுதியைத் தாண்டிப் பாய்ந்த கார்கள் அங்கே பல உயிர்களை எடுத்த பிறகு கம்பிவடம் வந்தது. இடத்தேர்வு சரியானது: நீண்ட நேர்ப் பகுதிகள், குறைவான வெட்டுகள், காரே பெரும்பங்கு. 2023 ஆகஸ்டு முதல் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடங்களிலும் இருசக்கர வாகனத்துக்குத் தடை. கம்பிவடத்தின்மீதுள்ள மிகப்பெரிய மறுப்பு இத்தகைய சாலைகளில் தானாகவே விலகிவிடுகிறது. லாரி மறுப்பு மட்டும் நிற்கும். அதற்கும் விடை உண்டு: லாரிப் போக்கு மிகுந்த மலைப்பாதைச் சரிவுகளிலும் கூர்வளைவுகளிலும் கான்கிரீட், மற்ற நீளத்தில் கம்பிவடம்.

எனவே என் தீர்ப்பு இது. இருசக்கர வாகனம் நுழையாத, கல்விளிம்பு இல்லாத, தட்டையான அல்லது மென்சரிவான நடுப்பகுதியுள்ள விரைவுச்சாலைகளில் நான்கு வட இறுகுவகைத் தடுப்பே முதல் தேர்வாக இருக்க வேண்டும். அங்கே கான்கிரீட் சுவரைப் பழக்கத்தின் பேரில் போடுவது கார்ப் பயணிகளுக்குச் செய்யும் அநியாயம். சாதாரண நான்குவழிச் சாலையின் செடி வைத்த நடுப்பகுதியில், அதன் விளிம்புக்கல்லை எடுத்து வெட்டுகளை மூடாத வரையில், இது வேண்டாம். சாலையின் இடது ஓரத்தில் எங்குமே வேண்டாம். இந்தியச் சாலைக் காங்கிரசின் 119-ஆம் எண் வழிகாட்டி 2015 முதல் கம்பிவடத்தையும் ஏற்ற வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஏற்றது என்பதோடு நில்லாமல், யார் ஓடும் சாலையில் ஏற்றது என்பதையும் அது அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு நிபந்தனை உண்டு. அது இல்லையென்றால் மேற்சொன்ன பரிந்துரையையும் திரும்பப் பெற்றுக்கொள்வேன். கம்பிவடம் போட்ட இடங்களில் பொதுவாக மோதல்களின் எண்ணிக்கை கூடுகிறது, இறப்பு குறைகிறது. முன்பு புல்லில் ஓடி நின்றுவிட்ட கார்களும் இப்போது தடுப்பில் படுகின்றன. எனவே கம்பங்கள் அடிக்கடி மடங்கும். குழாய்ச் செருகில் நிற்கும் கம்பத்தைப் பிடுங்கிப் புதியதை இறக்குவது சிறு குழுவுக்குக் கைவேலைதான். ஆனால் அந்தக் குழு இருக்க வேண்டும், கம்பங்கள் கிடங்கில் இருக்க வேண்டும், கழற்றிக்கொண்டு போகும் இரும்புத் திருடனைக் கவனிக்க ரோந்து வேண்டும். நம் ஒப்பந்தங்கள் கட்டுமானத்தை மீட்டர் கணக்கில் அளந்து பணம் தருகின்றன. கம்பிவடத்துக்கு மோதல் நடந்து எத்தனை மணிக்குள் பழுது நீங்கியது, ஆண்டில் எத்தனை முறை இறுக்கம் அளக்கப்பட்டது, நங்கூரம் நகர்ந்திருக்கிறதா என்ற மூன்றையும் பதிவேட்டில் காட்டினால்தான் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அப்படி எழுத முன்வராத துறை கான்கிரீட்டையே போடட்டும்.